சதுர அடிக் கோட்பாடு: பிடிவாதக் கஸ்டமர் குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

தனியாக டிசைன் வேலை பார்ப்பவருக்கு வாய்க்கும் கஸ்டமர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்ற வினாவுக்கு, "ரசனை கிடையாது" என்று டிசைனர்கள் டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. பிடிவாதம் பிறக்கும் இடம் பில்.

சான்றுக்கு ஓர் அண்ணாச்சியின் ஸ்வீட் ஸ்டால் திறப்பு விழா. பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ். நடுவில் ஒரே ஒரு மைசூர்பாகு, கீழே கடைப் பெயர், மற்றபடி வெற்றிடம்.

"தம்பி, இங்க சும்மா கிடக்கே?"

"அதாண்ணே மைசூர்பாவை எடுத்துக் காட்டுது."

"காட்டட்டும். அது பக்கத்துல ஜாங்கிரி, மிக்சர், அப்புறம் நம்ம மச்சான் போட்டோ வச்சிரு."

ஃப்ளெக்ஸ் அடிக்கும் இடத்தில் சதுர அடிக் கணக்கில்தான் காசு. 80 சதுர அடிக்குப் பணம் கட்டியவர் கண்ணுக்கு வெற்றிடம் நஷ்டமாகத்தானே தெரியும்? அண்ணாச்சியின் கணக்கில் பிழை காண இவ்வாய்வாளரால் இயலவில்லை.

திருத்தத்துக்கோ எந்தக் கணக்கும் கிடையாது. "லோகோவைக் கொஞ்சம் பெரிசு பண்ணு" என்பதற்குக் கட்டணம் பூஜ்யம். "இன்னுங் கொஞ்சம்" என்பதற்கும் அதே பூஜ்யம். ஆகவேதான் டிசைனரின் கம்ப்யூட்டரில் ஃபைனல், நியூ ஃபைனல், ஒரிஜினல் ஃபைனல், 'அண்ணி சொன்ன ஃபைனல்' என்று கோப்புகள் குட்டி போடுகின்றன. (அண்ணிகள் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.)

நிறப் பிடிவாதம் மட்டும் இக்கோட்பாட்டுக்குள் அடங்க மறுக்கிறது. போனில் கண்ட கிளிப்பச்சை அச்சில் மங்கித்தான் வரும். திரை தானே ஒளி விடுகிறது, மை விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. இதை விளக்கினால் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "சரி தம்பி, போன்ல இருக்க மாதிரியே போட்டுரு" என்பார்கள்.

பரிகாரங்களுக்கு வருவோம். தொழிலில் மூத்தோர் பரிந்துரைப்பது திருஷ்டிப் பொட்டு முறை. குழந்தை கன்னத்தில் மை வைப்பதுபோல, டிசைனில் வேண்டுமென்றே ஓர் அசிங்கத்தை வைத்துவிட வேண்டும். கஸ்டமர் அதை எடுக்கச் சொல்லித் திருப்தி அடைவார், மற்றது பிழைக்கும். மேற்படி ஃப்ளெக்ஸின் மூலையில் ஓர் ஆரஞ்சு நட்சத்திர வெடிப்பு வைத்துச் சோதிக்கப்பட்டது. அண்ணாச்சி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இதான் தம்பி டிசைன். இதைப் பெரிசு பண்ணி நடுவுல வையி."

அமெரிக்காவில் டிசைனர் பால் ராண்ட் வேறு வழி கண்டார். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய அவர் வாங்கியது ஒரு லட்சம் டாலர். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, மாட்டேன், ஒன்றுதான் என்றாராம். ஒரு லட்சம் டாலர் கொடுத்தவருக்கு வேண்டுமானால் ஒன்று போதும். விசிட்டிங் கார்டுக்கு ஐநூறு ரூபாயைப் பேரம் பேசி முந்நூறாக்கியவர் நான்கு மாதிரி கேட்பார்.

எனவே கோட்பாட்டின்படி எஞ்சும் மருந்து ஒன்றே: பாதிப் பணம் அட்வான்ஸ், இரண்டு கரெக்‌ஷன் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் காசு. இதை கொட்டேஷனிலேயே எழுதி அனுப்பினேன். கஸ்டமர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். டிசைன் போன மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. அதன் கீழே ஒரு வரி: "தம்பி, இது மொத்தமா ஒரு கரெக்‌ஷன்."