கப்பல்காரர்

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. வேகவதி என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் பாதி நாள் அதில் காகிதக் கப்பல் விடக்கூடத் தண்ணீர் இருக்காது. இந்த ஊரில் ஒருவருக்குக் கப்பல்காரர் என்று பேர். பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும், “தறிச் சத்தம் கேக்காத வீடு எதுவோ, அதான் அவரு வீடு” என்று வழி சொல்வார்கள். அப்பா உட்கார்ந்து நெய்த தறிக்குழியைப் பலகையால் மூடி, அதன்மேல் ஓர் இரும்பு பீரோவை நிறுத்தியிருக்கிறார். காஞ்சிபுரத்து பீரோவில் பட்டு இருக்கும் என்று நம்பித் திறந்தால் ஏமாந்துபோவோம். உள்ளே இருப்பவை யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களின் உறைகள். எல்லாம் நீராவிக் கப்பல் ஏறிக் கடல் கடந்தவை.

அவரைத் தபால்தலை சேர்ப்பவர் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை சொல்லிவிட்டு, அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உறையை வெந்நீரில் ஊறப்போட்டுத் தலையை மட்டும் உரித்தெடுப்பவன் அவர் கணக்கில் கொலைகாரன். “ஸ்டாம்புங்கறது நெத்தியில வச்ச பொட்டு, தம்பி. மூஞ்சியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டுப் பொட்டை எடுத்துக்கிட்டுப் போறானுங்க” என்றார்.

அவருக்கு வேண்டியது முகமும் முதுகும். எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி, எந்த வழி, எவ்வளவு கூலி, எங்கே தாமதம். இதற்காகவே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் துறையை விட்டது என்று பழைய செய்தித்தாள்களைப் பார்த்து இருபது வருஷமாக எழுதி வைத்தது. வீட்டில் அதற்குக் கப்பல் பஞ்சாங்கம் என்று பேர். உறை ஒன்று கைக்கு வந்ததும் கண்ணாடியை மாற்றிக்கொள்வார், பூதக்கண்ணாடியை எடுப்பார், பஞ்சாங்கத்தைப் பிரிப்பார், விரல் விட்டு எண்ணுவார். பிறகு ஜோசியர் மாதிரி நிமிர்ந்து, “இது புதன்கிழமை ஏறியிருக்கு” என்பார்.

உறைக்குள் கடிதம் இருந்தால்? எடுத்து மடிப்புக் கலையாமல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். அடுத்தவர் சமாசாரத்தைப் படிப்பது மரியாதை இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். என் கணக்கில் காரணம் வேறு: வெளியே இருப்பதைப் படித்து முடிக்கவே அவருக்கு ஆயுள் போதவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கணித மேதை ராமானுஜன்மேல் கொஞ்சம் உரிமை உண்டு. அவருடைய தாத்தாவுக்கு இங்கே கோர்ட்டில் வேலை இருந்த காலத்தில், 1890களின் தொடக்கத்தில், சிறுவன் ராமானுஜன் சில காலம் இந்த ஊரில்தான் படித்தார். அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் கணித உலகையே உலுக்கியது. இதை ஒரு கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து கப்பல்காரர் எழுந்தார்.

“அதெல்லாம் சரிங்க. கவர் எங்கே இருக்கு?”

பேராசிரியருக்குப் புரியவில்லை. கடிதத்தில் இருந்த தேற்றங்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவற்றை மறுபடி விளக்கினார். கப்பல்காரர் விடவில்லை. ஹார்டியின் பதில் பிப்ரவரி 8 தேதியிட்டது. ஆக, போன கடிதம் 23 நாளுக்குள் கடல் தாண்டி, படிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டுப் பதிலும் எழுதப்பட்டுவிட்டது. பதில் வந்த பையை ஏடனுக்கும் பம்பாய்க்கும் நடுவே கப்பலிலேயே பிரித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே கடல் தபால் நிலையம் என்றே ஒன்று இருந்தது. 1868இல் தொடங்கி 1914இல் போர் வரும்வரை, குமாஸ்தாக்கள் ஆடுகிற கப்பலில் நின்றபடி ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டார்கள். “அந்தக் குமாஸ்தாவைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

ஊர்ப் பெருமை என்றால் அண்ணா இல்லாமலா? ‘தம்பிக்கு’ என்று அண்ணா எழுதிய கடிதங்களை நாடே படித்தது. கப்பல்காரர் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அவை பத்திரிகையில் வந்தவை. ஒரு முத்திரைகூட விழவில்லை.

கப்பல் உறை சேர்க்கிற இந்த மாதிரி மனிதர்களுக்கு அட்லாண்டிக் என்பது காசி மாதிரி. போய்த்தான் ஆக வேண்டும். அங்கேதான் 1838 ஏப்ரலில் சிரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்களும் ஒருநாள் முன்பின்னாக நியூயார்க்கைத் தொட்டன. அங்கேதான் 1840 ஜூலை 4 அன்று கியூனார்டு கம்பெனியின் பிரிட்டானியா லிவர்பூலிலிருந்து தபால் பையோடு கிளம்பியது. அதைவிட அவருக்குப் பிடித்தது 1848 சண்டை. அமெரிக்கக் கப்பல் கொண்டுவந்த கடிதத்துக்கும் தன் கப்பல் கூலியைக் கொடு என்றது இங்கிலாந்து. அப்படியா, உன் கப்பலில் வருவதற்கும் என் கூலியைக் கொடு என்றது அமெரிக்கா. ஒரே கடிதத்துக்கு இரண்டு கூலி. சம்பந்திச் சண்டைபோல முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அந்த வருஷ டிசம்பரில் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கினார்கள். அந்தச் சில மாதத்தில் அகப்பட்டுக்கொண்டு இரட்டைக் கூலி கொடுத்த கடிதங்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. “சண்டை இன்னும் ஒரு வருஷம் நடந்திருந்தா நமக்கும் விலை கட்டுபடி ஆகியிருக்கும்” என்பது கப்பல்காரரின் நெடுநாள் வருத்தம்.

பத்து வருஷத்துக்கு முன் அப்படி ஓர் அட்லாண்டிக் உறையை வாங்கியும் விட்டார். சண்டைக்கால உறை இல்லை. சாதாரணமாகப் பாஸ்டனிலிருந்து லிவர்பூல் போனது. என்ன விலை என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. வீட்டு அம்மாதான் சொன்னார்: “மூணு கல்யாணப் புடவை விலை, தம்பி. கோர்வைப் புடவை, ரெண்டு பக்கமும் கரை. புடவைன்னா கட்டிக்கவாவது செய்யலாம். இதை என்ன செய்யறது, விசிறிக்கலாமா?”

ஆனால் அவருடைய கனவு உறை நியூயார்க்கிலோ லண்டனிலோ இல்லை, வேலூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. ஸ்கடர் குடும்பத்து அமெரிக்கப் பாதிரிகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வர வேண்டுமே? அட்லாண்டிக்கை ஒரு நீராவிக் கப்பலில் தாண்டி, இங்கிலாந்தில் இன்னொன்றில் ஏறி, அலெக்சாண்டிரியாவில் இறங்கும். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் எகிப்தைத் தரைவழியேதான் கடக்க வேண்டும். பாலைவனத்தில் ஒட்டகம் சுமக்கும். சூயஸில் மறுபடி கப்பல். சென்னையில் இறங்கி ஆற்காட்டுக்கு வர வேண்டும். இங்கேதான் கப்பல்காரருக்குக் கண் பளபளக்கும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியது. 1858 முடிவில் சூயஸ் வரைக்கும் ரயில் போட்டு ஒட்டகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, இடைப்பட்ட இரண்டரை வருஷத்துக்குள் வந்த உறையாக இருந்தால், மூன்று கப்பல், ஒட்டகம், தென்னாட்டின் முதல் ரயில் எல்லாம் ஒரே காகிதத்தில். இதைத் தேடி மாதம் ஒருமுறை வேலூர் பஸ் ஏறுகிறார். ராணிப்பேட்டை, ஆரணி என்று பழைய பேப்பர் கடை ஒன்று விடுவதில்லை. இதுவரை கிடைத்தவை ஒரு பைபிள் வகுப்பு வருகைப் பதிவேடும் முதுகுவலியும்.

வீடு வீடாகப் போவதற்கு அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர். தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போய், பாட்டிகளின் கூறைப்புடவையை எடை போட்டு வாங்கி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிற தொழில். புடவை வெளியே வரும் பெட்டியிலிருந்துதான் கடிதக் கட்டும் வெளியே வரும் என்பது கப்பல்காரரின் கண்டுபிடிப்பு. ஒருவர் புடவையின் ஜரிகையை மட்டும் பார்ப்பார், மற்றவர் கடிதத்தின் உறையை மட்டும் பார்ப்பார். எந்தப் பெண் எந்த முகூர்த்தத்தில் கட்டியது, யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று இருவரும் கேட்பதில்லை. இவ்வளவு ஒற்றுமையான கூட்டு வியாபாரத்தை நான் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில்கூடப் பார்த்ததில்லை.

துக்க வீட்டுக்கு அவர் வருவதுதான் கொஞ்சம் சங்கடம். முதல் நாள் வந்து மாலை போடுவார், அழுவார், உண்மையாகவே அழுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக ஆரம்பிப்பார்: “பெரியவர் ரங்கூன்ல இருந்தவராச்சே, பரண்மேல ட்ரங்குப் பெட்டி ஏதாச்சும்...”

கேர்சொப்பா கப்பலின் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கூட்டாளியும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டோம். 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. 2011இல்தான் இருக்கும் இடம் தெரிந்தது: கடலடியில் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழம், டைட்டானிக்கைவிடக் கீழே. “அதுலேர்ந்து நூறு டன்னுக்கு மேல வெள்ளி எடுத்தாங்க” என்று கப்பல்காரர் சொன்னதும் கூட்டாளியின் கையில் டம்ளர் நின்றுவிட்டது.

“எத்தினி கிலோ ஆவுது சார் அது?”

“வெள்ளிய விடுப்பா! எழுநூறுக்கு மேல கடுதாசி எடுத்தாங்க. இந்தியாவுலேர்ந்து போன கடுதாசி. எழுபது வருஷம் கடலுக்கடியில கெடந்தும் எழுத்து அழியல. தண்ணியில நனைஞ்சதைப் பதமா ஒலத்தி, 2018ல லண்டன் தபால் மியூசியத்துல வச்சாங்க.”

“நூறு டன்னுன்னா லட்சம் கிலோ சார்.”

கப்பல்காரர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நம்ம ஊர்க்காரனுக்கு இது ஒண்ணும் ஆச்சரியமில்லை, தம்பி. அத்தி வரதர் நாப்பது வருஷம் குளத்துக்குள்ள இருந்துட்டு 2019ல சிரிச்சுக்கிட்டே வரல? கடுதாசியும் அப்படித்தான். வர வேண்டிய நேரத்துக்கு வரும்.” சொல்லும்போது குரல் தழுதழுத்தது. சிரித்துவிடாமல் இருக்க நான் வடையைக் கடித்துக்கொண்டேன்.

அந்தக் கம்பெனிக் கப்பல்கள்மேல் அவருக்குத் தீராத மோகம். பெயரெல்லாம் ‘ஆ’ என்று முடியும்: கேர்சொப்பா, 1914 மார்ச்சில் ராமானுஜனை ஏற்றிக்கொண்டு போன நெவாசா, எல்லாவற்றுக்கும் மேலாக ராஜுலா. 1926இல் வந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்த கப்பல். மலேயாத் தமிழர்களின் பாதிக் கதை அதன் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு போனதுதான். மூத்த மகள் பிறந்தபோது ராஜுலா என்று பெயர் வைக்க மன்றாடினாராம். மாமியார் ஊர் அம்மன் பெயரை வைத்துவிட்டார்.

போன தை மாதம் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது, பினாங்கில் கடை வைத்திருந்த என் பெரிய தாத்தா ஊரிலிருந்த பாட்டிக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. 1952ஆம் வருஷத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை கப்பல்காரர் வாசலில் நின்றார். உறையை வாங்கினார், கண்ணாடியை மாற்றினார், பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பினாங்கு முத்திரை, நாகப்பட்டினம் முத்திரை, இடையில் நாள் எண்ணிக்கை. “ராஜுலாவேதான்!” என்று கத்தினார். உள்ளே இருந்த தாளை மரியாதையாக எடுத்து என்னிடம் கொடுத்தார். “இது உங்க குடும்பச் சமாசாரம். நீங்களே வச்சுக்குங்க. கவர் எனக்கு.” பேரம் பேசவில்லை, ஒரு கிலோ காஞ்சிபுரம் இட்லி மாவு வீட்டுக்கு வந்தது, சுக்கும் மிளகும் போட்டு.

இப்போது அந்த உறை ஒரு கண்காட்சிக்குத் தயாராகிறது. சட்டம் ஒன்றுக்குப் 16 தாள் கணக்கு. அதில் நட்டநடுத் தாளில் தாத்தாவின் உறை. கீழே அவர் கையெழுத்தில், ‘ராஜுலா கப்பலில் வந்தது’ என்று சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருக்கிறார்.

கடிதத்தை நான் போன வாரம்தான் முழுக்கப் படித்தேன். மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை என்று பாட்டியைக் கோபித்துக்கொள்கிறார் தாத்தா. கடைசியில், இடுக்கி எழுதிய எழுத்தில் ஒரு வரி: ராஜுலாவுக்குத் தபால் கட்டிவிட்டார்களாம், கொஞ்சம் தாமதமாகப் போனதால் ஏற்க மாட்டேன் என்றுவிட்டார்களாம், அதனால் இது வேறு கப்பலில்தான் வரும்.

கண்காட்சி அடுத்த மாதம். அதுவரை காஞ்சிபுரம் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.