மொய் நோட்டு இல்லாத ஊர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? கிளீவ்லாந்தில் சித்திரை பிறந்தும் ஸ்வெட்டரைக் கழற்ற வழியில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் ரிட்டயர் ஆகிறார். அவருக்கு என்ன கொடுப்பது என்ற விவகாரத்தில் ஆபீஸே வேலையை ஒத்திவைத்துவிட்டது. நீங்கள் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று எவ்வளவு சுலபமாக முடிந்தது! மாலை, பொன்னாடை, ஒரு மோதிரம், ஸ்வீட் காரம் காபி. சாயங்காலம் ஜீப்பில் ஏற்றி வாசல்வரை கொண்டுவந்து சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது நோட்டில் ஏறிவிட்டது. இங்கே அந்த நோட்டு கிடையாது. அதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

ஒருவர் எப்போது ரிட்டயர் ஆவார் என்பதே இங்கே முன்கூட்டித் தெரியாது. வயதைக் காரணம் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1986-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். விமானி போன்ற சில வேலைகளுக்குத்தான் விலக்கு. மற்றவர்கள் அரசாங்கம் தரும் பென்ஷன் கணக்கைப் பார்த்துத் தாங்களே நாள் குறித்துக்கொள்ள வேண்டும். 62 வயதிலேயே குறைந்த தொகை வாங்கிக்கொண்டு போகலாம். 70 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் தொகை கூடும். எங்கள் பெரியவர் 1959-இல் பிறந்தவர். அந்த வருஷத்துக்காரர்களுக்கு முழுத் தொகை கிடைப்பது 66 வயதும் 10 மாதமும் முடிந்த பிறகு. அந்தப் பத்து மாதத்தைக் குறித்துக் கொடுத்தது நம் வள்ளுவர் ஜோசியராகத்தான் இருக்க வேண்டும்.

வசூல் ரகசியமாக நடந்தது. ஒரு பழுப்புக் கவர், அதற்குள் ஒரு வாழ்த்து அட்டை. இரண்டையும் ஆபீஸ் ஃபைலில் மறைத்து மேஜை மேஜையாகச் சுற்றவிட்டார்கள். அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் கம்பெனி 1906-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். ஆனாலும் ஓய்வு பெறுபவர்களுக்கான அட்டையில் மூன்றே மூன்று சிரிப்புதான் உண்டு: இனித் திங்கட்கிழமை இல்லை, இனி கோல்ஃப், இனி தூண்டில். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அந்த மூன்றில் ஒன்றையே மறுபடி எழுதிவைத்தார்கள். நான் மட்டும் "நீடூழி வாழ்க" என்று தமிழில் எழுதினேன். யாருக்கும் புரியாததால் அதுதான் அட்டையிலேயே ஆழமான வாசகம் என்று பெயர் வாங்கிவிட்டது.

வசூலானதை அப்படியே பணமாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆபீஸில் ரொக்கமாகக் கொடுப்பது மரியாதைக் குறைவாம். அதே பணத்தைப் பிளாஸ்டிக் அட்டையில் ஏற்றி, தொகையையும் அச்சடித்துக் கொடுத்தால் மரியாதையாம்! ஊரெல்லாம் செல்லுகிற நோட்டை ஒரே கடையில் செல்லுகிற அட்டையாக மாற்றுவதற்குத்தான் கிஃப்ட் கார்டு என்று பெயர். எங்கும் செல்லுகிற விசா கார்டும் இருக்கிறது; அதற்கு மேற்கொண்டு சில டாலர் கட்டணம் அழ வேண்டும். மொய் வைப்பதற்குக் கமிஷன் கொடுத்த பரம்பரையா நாம்?

அடுத்து, எந்தக் கடையின் கார்டு? மீன்பிடி சாமான் கடை என்றார் ஒருவர். பெரியவரின் காபி கோப்பையில் மீன் படம் இருப்பதுதான் ஆதாரம். அது மகன் கொடுத்த கோப்பை, ஈரி ஏரியில் அவர் கால் நனைத்ததுகூட இல்லை என்று இன்னொருவர் அடித்துவிட்டார். ஹோட்டல் கார்டு என்றால் அவருக்குச் சர்க்கரை. இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து மேஜையில் இருந்த மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் கணக்குப் பிரிவு அம்மாள் அவர் மனைவிக்கே போன் போட்டார். "அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்புகிற மாதிரி எதுவானாலும் சரி" என்று பதில் வந்தது.

தேசியப் பூங்கா பாஸ் எடுக்கலாம் என்று பார்த்தோம். 62 வயதைத் தாண்டியவர்களுக்கு 80 டாலரில் ஆயுள் பாஸ் உண்டு. ஆனால் வயதுக்கும், குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ அத்தாட்சி காட்டி அவரவரே வாங்க வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கயஹோகா பள்ளத்தாக்குப் பூங்காவுக்கோ நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆகவே, தூரமாகப் போய் வரட்டும் என்று பெட்ரோல் பங்க் கார்டு என முடிவானது. வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மளிகைக் கடையில் கார்டுகள் கம்பியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும், காவல் கிடையாது. பில் போடும் இடத்தில் ஸ்கேன் செய்தால்தான் பணம் ஏறும். அதுவரை வெறும் பிளாஸ்டிக். ஆனால் திருடர்கள் பின்பக்கம் சுரண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி ஒட்டி மாட்டிவிடுவார்கள் என்பதால், ஒவ்வொன்றாகத் திருப்பி, நகத்தால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதைக் கவனித்துவிட்ட கேஷியர் பெண், 300 டாலர் என்றதும் நிமிர்ந்தாள்.

"யாராவது போன் செய்து இதை வாங்கச் சொன்னார்களா?"

"ஆமாம், என் மேனேஜர்."

"அவசரம் என்றாரா?"

"இன்றைக்கே வேண்டும் என்றார்."

"யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாரா?"

"ஆமாம், ரகசியமாக இருக்கட்டும் என்றார்."

அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். மேலதிகாரி பேசுவதுபோல் பேசி கிஃப்ட் கார்டு வாங்கவைத்து, எண்ணைக் கேட்டுப் பணத்தை உருவுவது இங்கே பேர்போன மோசடி. நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. பழுப்புக் கவரைப் பிரித்து, வாழ்த்து அட்டையில் எல்லோர் கையெழுத்தையும் காட்டிய பிறகுதான் பில் போட்டார்கள். இந்த மரியாதைக்குப் பேசாமல் ரொக்கமே கொடுத்திருக்கலாம் என்ற என் கட்சியில் மாற்றமில்லை.

2009-இல் வந்த சட்டப்படி இந்தக் கார்டின் பணம் ஐந்து வருஷத்துக்குள் காலாவதியாகக் கூடாது. பெரியவர் சாவகாசமாகவே புறப்படலாம். அவர் மனைவிதான் அதுவரை பொறுக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று சித்தப்பா. நான் இங்கே ஆபத்தில் மாட்டிக்கொண்டதாகவும், உடனே கார்டு வாங்கி எண்ணைச் சொல்ல வேண்டும் என்றும் யாராவது உங்களுக்குப் போன் செய்தால், என் குரல் மாதிரியே இருந்தாலும் நம்பாதீர்கள். எனக்குத் தேவை என்றால் பணமாகவே கேட்பேன்.

இப்படிக்கு,
அன்பு மறவாத உங்கள் அண்ணன் மகன்