டோக்கியோக் கடிதம்: விசில் இல்லாத ஊரில் படம் பார்த்தல்

டோக்கியோவில் ஒரு சினிமா டிக்கெட் 2,000 யென். பெரிய தியேட்டர்களில் 1,900 ஆக இருந்ததை 2023-இல் ஏற்றினார்கள். நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதத்தின் முதல் தேதியில் கொஞ்சம் குறையும். டிசம்பர் 1-ஐச் 'சினிமா தினம்' என்றே வைத்திருக்கிறார்கள். 1896-ஆம் ஆண்டு கோபே நகரத்தில் எடிசனின் கினெட்டோஸ்கோப்பைப் பொதுமக்களுக்குக் காட்டியதன் நினைவு அது. கினெட்டோஸ்கோப் என்பது திரை இல்லாத சினிமா. ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு துளை, துளையில் ஓர் ஆளின் கண். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, பார்ப்பவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். இவ்வளவு காலம் கழித்தும், ஐந்நூறு இருக்கை உள்ள அரங்கில்கூட, ஜப்பானிய ரசிகர் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தப் பெட்டிக்குள்தான் தலையை விட்டிருக்கிறார் என்பது மருமகனின் கருத்து.

மருமகன் என்பது இக்கடிதத்தை எழுதுபவர். மதுரையில் உள்ள மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'நான்' என்று ஆரம்பிக்கும் கடிதத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிய முன்னனுபவம் அவருக்கு உண்டு. "அங்கே என்னென்ன படம் பார்க்கிறாய், எப்படி இருக்கிறது, பாடப் புத்தகம் மாதிரி ஒழுங்காக எழுது" என்று அவர் பணித்ததால், இது அவ்வாறே எழுதப்படுகிறது.

அரங்குக்குள் நுழையுமுன் இரண்டு பொருள்கள் வாங்கப்படுகின்றன. ஒன்று பாப்கார்ன். ஒரே தட்டில் பாதி உப்பு, பாதி கேரமல் என்று கேட்டு வாங்கலாம். இன்னொன்று 'பன்ஃபு' எனப்படும் அச்சுப் புத்தகம். கதைச் சுருக்கம், நடிகர் பேட்டி, வழுவழுப்பான படங்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்தில் நம்மூர்த் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் பணக்காரத் தம்பி என்று சொல்லலாம். படம் பிடித்தவர்கள் வெளியே வரும்போது வாங்குகிறார்கள். பிடிக்குமா என்று தெரியாமலே உள்ளே போகும்போது வாங்கிவிடுபவர் மருமகன்.

விளக்கு அணைந்ததும் தலைக்குப் பதிலாக வீடியோ கேமரா பொருத்திய ஒரு மனிதர் திரையில் நெளிந்து நெளிந்து ஆடுவார். தலைக்குப் பதிலாகப் போலீஸ் சுழல்விளக்கு பொருத்திய இன்னொருவர் அவரைத் துரத்திப் பிடிப்பார். படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 10 ஆண்டு வரை சிறை, 1 கோடி யென் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதே செய்தி. சட்டம் வந்தது 2007-இல். அன்றிலிருந்து எந்தப் படத்துக்குப் போனாலும் இந்த ஆட்டம் உண்டு. கதாநாயகன் அறிமுகக் காட்சியைச் செல்போனில் எடுத்து அனுப்பும்படி மாமா வீட்டில் விடுக்கப்பட்ட கோரிக்கைக்கு இதுவே பதில்.

அதன்பிறகு அமைதி. பாப்கார்னை மெல்லும் சத்தம் வெளியே வராதபடி வாய்க்குள் ஊறவைத்து விழுங்கும் கலையை இங்கே குழந்தைகள்கூட அறிந்திருக்கிறார்கள். இடைவேளை கிடையாது. படம் முடிந்தாலும் அநேகமாக யாரும் எழுவதில்லை. மின்பணியாளர் பெயர், சாப்பாடு கொடுத்தவர் பெயர், வாகன ஓட்டுநர் பெயர் எல்லாம் ஓடி, விளக்கு எரியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில், கடைசிக் காட்சியில் கதாநாயகி சிரிக்க ஆரம்பித்ததுமே மருமகன் வண்டி எடுக்கப் போகிறவர்போல எழுந்துவிட்டார். ஒருவரும் திட்டவில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுத் தலை குனிந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

இனி படங்கள், வகைவாரியாக.

அரக்கப் படத்தில் முதலிடம் 2023 நவம்பரில் வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்'. போர் முடிந்த கையோடு, இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாத ஜப்பானில் காட்ஜில்லா கரையேறுகிறது. தற்கொலைப் படை விமானி ஒருவன், இயந்திரக் கோளாறு என்று பொய் சொல்லி உயிர் தப்பி, அந்தக் குற்ற உணர்வோடு வாழ்பவன். அரக்கனைவிட அவன் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. இயக்குநர் தகாஷி யமஸாகியே வரைகலையையும் மேற்பார்வை செய்து அதற்கு ஆஸ்கர் வாங்கினார். ஹாலிவுட் படங்களின் செலவோடு ஒப்பிட்டால் இது உண்டியல் காசில் எடுத்த படம். மருமகனுக்கு இதில் ஒரு தனிப்பட்ட வருத்தம் மட்டும் உண்டு. அரக்கன் நாசம் செய்யும் கின்ஸா கடைவீதியில் அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்க வசதி இல்லாமல் இருக்கிறார். தவிரவும், ஷின்ஜுகு வட்டார நிர்வாகம் 2015-இல் காட்ஜில்லாவுக்குச் சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டவருக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி கிடைக்கப் பொதுவாக 10 ஆண்டு தங்கியிருக்க வேண்டும், வரி பாக்கி இருக்கக் கூடாது. ஊரை மிதித்தவருக்கு அப்படி நிபந்தனை ஏதும் இல்லை.

அனிமேஷன் படம் என்றால் ஹயாவோ மியாசாகி. அவர் 82 வயதில் வெளியிட்ட படத்துக்கு ஜப்பானியத் தலைப்பு 'நீங்கள் எப்படி வாழப் போகிறீர்கள்?' என்பது. வெளிநாடுகளில் அது 'பையனும் நாரையும்' என்று ஆகிவிட்டது. 2023 ஜூலையில் அதை வெளியிட்டபோது டிரெய்லர் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு பறவை படம் போட்ட சுவரொட்டி மட்டும். டீசர், டிரெய்லர், பாடல் வெளியீட்டு விழா, இருபது யூடியூப் பேட்டி என்று பாதிக் கதையைத் தெரிந்துகொண்டே டிக்கெட் எடுத்துப் பழகியவருக்கு இது கண்ணைக் கட்டிக் கிணற்றில் இறங்குகிற மாதிரி இருந்தது. உள்ளே ஆள் உயரக் கிளிகள் கையில் கத்தியோடு மனிதரைச் சமைக்கத் தேடி அலைகின்றன. கிளி ஜோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் சமர்த்தாக ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நெல்மணிக்குக் காத்திருக்கும் கிளியை மட்டுமே அறிந்தவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. படம் முழுவதும் புரிந்ததா என்று மாமா கேட்கக் கூடாது.

பேய்ப் படம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப்பட்டது. நம்மூரில் பேய் வரும் நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் கத்துவார், இன்னொருவர் அவரைக் கேலி செய்வார், பயம் பங்கு பிரிந்து போய்விடும். இங்கே முழுப் பங்கையும் ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மெல்ல நகரும் படம் என்ற வகையில் 'பெர்ஃபெக்ட் டேஸ்'. இயக்கியவர் ஜெர்மானியர் விம் வெண்டர்ஸ், நடித்தவர் கோஜி யகுஷோ. 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான். ஷிபுயா வட்டாரத்தில் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டிய 17 பொதுக் கழிப்பறைகள் உண்டு. இரண்டு கண்ணாடிச் சுவரால் ஆனவை, தாழ்ப்பாள் போட்டதும்தான் மங்கலாகும். அவற்றைக் கழுவும் ஹிரயாமா காலையில் எழுகிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார், வண்டியில் கேசட் போடுகிறார், கழுவுகிறார், மரக்கிளை வழியே வரும் வெயிலைப் படம் பிடிக்கிறார், படுக்கிறார். மறுநாளும் அதே. 'பாட்ஷா' பார்த்து வளர்ந்த மருமகன், இவ்வளவு அடக்கமான மனிதருக்குப் பின்னால் பம்பாயோ ஒசாகாவோ நிச்சயம் உண்டு என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் ஓட்டுநர் வைத்த பெரிய காரில் தங்கை வந்து இறங்கியதும், இதோ ஆரம்பித்துவிட்டது என்று பாப்கார்னைக் கீழே வைத்தார். தங்கை நாலு வார்த்தை பேசினார், அண்ணன் அழுதார், கார் போய்விட்டது. பிளாஷ்பேக் இல்லை. கம்பத்தில் யாரையும் கட்டவில்லை. மறுநாள் காலையில் ஹிரயாமா மறுபடி செடிக்குத் தண்ணீர் விடுகிறார். வெளியே வந்த பிறகு ஒரு வாரம் வரை அந்தத் தங்கையின் கார் மருமகனின் மண்டைக்குள்ளேயே நின்றது. சொல்லாமல் விட்ட பிளாஷ்பேக் சொன்னதைவிட நீளம். சிறந்த படம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

நகைச்சுவையில் 'சாமுராய் டைம் ஸ்லிப்பர்'. எடோ காலத்தின் கடைசியில் மின்னல் தாக்கிய ஒரு சாமுராய், இன்றைய கியோத்தோவில் சரித்திரப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் கண் விழிக்கிறார். நிஜ வாள்வீரருக்குக் கிடைக்கும் வேலை, கதாநாயகனிடம் வெட்டுப்பட்டு விழும் துணை நடிகர் வேலை. நம்மூர்ப் படங்களில் கதாநாயகனின் கை படுவதற்கு முன்பே பறந்து போய்ப் பழக்கூடையில் விழுபவர்களுக்கு இப்படி ஒரு காவியம் இன்னும் எழுதப்படவில்லை. இயக்கிய ஜுன்இச்சி யசுதா நெல் விவசாயமும் பார்ப்பவர். சுமார் 2.6 கோடி யென்னில் எடுத்து, 2024 ஆகஸ்டில் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரே ஒரு தியேட்டரில் வெளியிட்டார். வாய்வழிப் பேச்சிலேயே அது 300-க்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குப் போய், 2025-இல் ஜப்பான் அகாதெமியின் சிறந்த பட விருதையும் வாங்கியது. இந்தப் படத்தில் அரங்கம் சிரித்தது. மருமகனும் சிரித்தார், இரண்டு விநாடி தாமதமாக. ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளில் மூன்றாவதில் நிற்பவருக்கு நகைச்சுவை இரண்டு விநாடி தள்ளித்தான் வந்து சேரும். அடுத்த நகைச்சுவை அதற்குள் போய்விடும்.

நீளமான படத்துக்கு 'கொகுஹோ'. 175 நிமிடம். கபுகி நாடக உலகக் கதை. யாகுசா தலைவரின் மகன் ஒருவனை ஒரு பெரிய நடிகர் வீட்டில் எடுத்து வளர்க்கிறார், அவருக்குச் சொந்த மகனும் உண்டு. திறமைக்கா, ரத்தத்துக்கா மேடை என்பதே வழக்கு. 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்ததிலிருந்து கபுகியில் பெண் வேடமும் ஆண்களுக்கே. நம் பாய்ஸ் கம்பெனி ஸ்திரீபார்ட்டுகளை, ஒளவை வேடத்தால் பெயர் பெற்ற டி.கே. சண்முகத்தைப் பற்றி மாமா சொன்ன கதைகள் தெரிந்தவருக்குப் பாதிப் படம் மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கியது. மீதிப் பாதி பழைய கபுகி வசனம், பக்கத்து இருக்கை ஜப்பானியருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. 2025-இல் வெளியான இது, அனிமேஷன் அல்லாத ஜப்பானியப் படங்களில் 22 ஆண்டுகளாக நின்ற வசூல் சாதனையை உடைத்தது. மருமகனின் சாதனை வேறு: இடைவேளை இல்லாத அந்த 175 நிமிடத்துக்காகக் காலையிலிருந்து காபி குடிக்காமல் இருந்தார். சர்க்கரை நோயும் இந்தப் படத்தில் ஒரு பாத்திரம். அது என்ன செய்கிறது என்பதை மாமா இனிப்பைக் குறைத்த பிறகு எழுதலாம்.

ஹாலிவுட் படங்கள் இங்கே ஆற அமர வரும். 'ஓப்பன்ஹைமர்' மற்ற நாடுகளில் 2023 ஜூலையில் வந்தது, ஜப்பானில் 2024 மார்ச் 29-இல். காரணம் விளக்க வேண்டியதில்லை. சில தியேட்டர்களில் அணுகுண்டுச் சோதனைக் காட்சி உண்டு என்று வாசலில் எச்சரித்திருந்தார்கள். படத்தில் ஹிரோஷிமா காட்டப்படுவதில்லை. வெற்றிக் கூட்டத்தில் கைதட்டல் வரும் இடத்தில், அரங்கில் முன்னூறு பேர் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அன்று பாப்கார்ன் தட்டு நிறைந்தபடியே திரும்பியது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் மருமகனிடம் கருத்து எதுவும் இல்லை.

கடைசியாக நம் படங்கள். இவற்றுக்கு ஜப்பானியப் பெயர் வைப்பவர் யாரோ, அவரை ஒருமுறை பார்க்க வேண்டும். 'கைதி' இங்கே 'சிறைக்கைதி டில்லி'. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்குப் 'பொன் நதி' என்று பெயர், செல்வனைக் கழற்றிவிட்டார்கள். '3 இடியட்ஸ்' என்பது 'நிச்சயம் நல்லபடியாக நடக்கும்' ஆனது. 'மாஸ்டர்' படத்துக்கு 'ஆசிரியர் வருகிறார்!' என்று ஒரு வால் உண்டு. இதை மாமா வகுப்பறை வாசலில் எழுதி வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மூத்தது 'முத்து'. 1998-இல் ஷிபுயாவின் ஒரு சிறு தியேட்டரில் 'முத்து: ஆடும் மகாராஜா' என்று வந்து மாதக்கணக்கில் ஓடியது. குதிரை வண்டிக்காரன்தான் உண்மையில் ஜமீன் வாரிசு என்று நம்மூரில் இரண்டாம் பாதிவரை காப்பாற்றிய ரகசியத்தைத் தலைப்பிலேயே போட்டு உடைத்தவர்கள் இவர்கள். ஜப்பானில் 'முத்து' செய்த வசூலை முறியடிக்க 'ஆர்ஆர்ஆர்' வந்த 2022 வரை, 24 ஆண்டு ஆயிற்று.

ஜப்பானிய வசன வரிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: விநாடிக்கு நாலு எழுத்து. ரஜினி ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதைப் படிக்க அது போதாது. ஆகவே தமிழ்ப் படத்தில் மருமகன் மற்றவர்களுக்கு முன்பே சிரித்துவிடுகிறார். ஜப்பானியப் படத்தில் விட்ட இரண்டு விநாடியை இதில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறார்.

இந்த அமைதிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதன் பெயர் 'மசாலா திரையிடல்'. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே அமகசாகியில் உள்ள த்சுகாகுச்சி சன்சன் தியேட்டர் இதற்குப் பெயர் போனது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட காட்சிக்குக் கத்தலாம், எழுந்து ஆடலாம், கயிற்றை இழுத்துக் காகிதவெடி வெடிக்கலாம், வண்ணக் காகிதம் வீசலாம். மருமகன் புல்லட் ரயில் ஏறிப் போனார். சேலை கட்டிய ஜப்பானியப் பெண்கள், நெற்றியில் பொட்டு, கையில் கஞ்சிரா மாதிரி ஒரு சலங்கைத் தட்டு. படம் தொடங்குமுன் ஒருவர் மேடையேறி விதிகளை வாசித்தார்: எப்போது வீசலாம், எந்தப் பக்கம் வீசக் கூடாது, திரைக்கு முன் எவ்வளவு நேரம் நிற்கலாம். கலாட்டாவுக்கும் கால அட்டவணை. நாயகன் வந்தார், அத்தனை பேரும் ஒரே விநாடியில் காகிதம் வீசினார்கள். அந்த இருட்டில் மருமகனுக்குக் கொஞ்ச நேரம் ஊர் மறந்துபோனது, அல்லது ஞாபகம் வந்தது. விசில் அடிக்க முயன்றார். ஏழு வருடப் பழக்கமின்மையில் காற்று மட்டும் வந்தது.

விளக்கு எரிந்ததும் யாரும் கிளம்பவில்லை. பைகளிலிருந்து குப்பைப் பைகளும் சிறு துடைப்பங்களும் வெளிவந்தன. சேலை கட்டியவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருக்கைக்கு அடியில் குனிந்தார்கள். பத்து நிமிடத்தில் அரங்கம் படத்துக்கு முன் இருந்த மாதிரி ஆனது. மருமகனுக்கு 'ஜே' வரிசை ஒதுக்கப்பட்டது, பெருக்கினார்.

இணைப்பு: சட்டைப் பைக்குள் ஒட்டிக்கொண்டு வந்த வண்ணக் காகிதத் துண்டுகள், 2.