வாலுக்கும் ஒரு விலை

சந்தையில் கயிறு கை மாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் மாடு முட்டினாலும், கறவை வற்றினாலும், வீட்டுக்குப் போகிற வழியிலேயே காலை நீட்டிவிட்டாலும் விற்றவனிடம் போய் நிற்க முடியாது. இந்தச் சட்டத்தை ஒரு பாண்டிய ராஜாவிடமே துணிந்து காட்டிய வியாபாரி, சாட்சாத் சிவபெருமான்.

கதை தெரிந்ததுதான். கடல் கடந்து நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்ட அரிமர்த்தன பாண்டியன், கஜானாவைத் திறந்து பொன்னை அள்ளி மந்திரி திருவாதவூரரிடம் கொடுத்து அனுப்பினான். மந்திரி திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். குதிரைக் காசு கோயிலாயிற்று. மந்திரி மாணிக்கவாசகரானார். "குதிரை எங்கேய்யா?" என்று ஓலை வந்தபோது, ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போயிற்று. சொன்ன நாளில் வரவும் வந்தது. காட்டு நரிகளையெல்லாம் பரிகளாக்கி, தானே தலைமை வியாபாரியாக வேஷம் கட்டி மதுரைக்கு ஓட்டிவந்த பரமசிவன், முறைப்படி கயிறு மாற்றிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று ராத்திரியே பரிகள் நரிகளாகி, லாயத்தில் கிடந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின. விற்றவரைத் தேடிப் பிடிக்க வழியில்லாததால் அடி, உதை எல்லாம் மந்திரிக்கு.

பக்தர்கள் இதில் திருவருளைப் பார்ப்பார்கள். நான் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்க்கிறேன். கஜானாவிலிருந்து பொன் போயிருக்கிறது. லாயத்துக்குக் குதிரை வந்திருக்கிறது. கொஞ்ச நாளில் லாயம் காலி. நரியை மட்டும் எடுத்துவிட்டால், பாண்டிய நாட்டில் அரபுக் குதிரை வாங்கிய வரலாறு முழுக்க இதுதான்.

நரியில்லாத கதையைச் சொன்னவர் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகரன் காலத்தில் இந்தக் கரைக்கு வந்தவர். நாட்டை ஐந்து சகோதரர்கள் ஆண்டார்கள் என்கிறார். ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வேண்டுமாம். ஒரு குதிரை 500 ஸாஜி பொன். நூறு மார்க்கு வெள்ளிக்கும் மேலே போகிற விலை. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு குதிரைகூட மிஞ்சாதாம். மறுபடி கப்பல், மறுபடி பொன். வெனிஸ் நகரத்து வியாபாரிக் குடும்பத்தில் பிறந்த மனிதர் அவர். இதை எழுதச் சொல்லும்போது அவருக்கு வந்தது இரக்கமா வயிற்றெரிச்சலா என்பது என் சந்தேகம்.

பாரசீகத்தில் உட்கார்ந்து சரித்திரம் எழுதிய வஸ்ஸாஃப் வேறு பக்கத்திலிருந்து கணக்குப் போடுகிறார். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து மாபாருக்கும் பிற துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள். (மாபார் என்றால் நம் சோழமண்டல, பாண்டியக் கரை.) தலைக்கு 220 செம்பொன் தினார். பெருக்கினால் 22 லட்சம். போலோவின் ஐந்து ராஜாக்களையும் இரண்டாயிரத்தால் பெருக்கினாலும் அதே பத்தாயிரம்தான் வருகிறது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு புளுகினார்கள் என்று சொல்ல வழியில்லை.

வியாபாரத்தின் பெரிய தலை, அதே வளைகுடாவில் இருக்கும் கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்ராகிம். தன் சொந்த லாயத்திலிருந்தே வருஷம் 1,400 குதிரை அனுப்புவதாக ஒப்பந்தம் போட்டவர். அந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன ஷரத்து. வழியில் குதிரைக்கு அடிபட்டாலோ, செத்தே போனாலோ, அதற்கும் முழு விலை பாண்டியன் கஜானாவிலிருந்து வந்தாக வேண்டும். அதாவது கயிறு காயல் துறையில் மாறவில்லை, கீஷிலேயே மாறிவிட்டது. நடுவில் இருந்த கடல் முழுக்கப் பாண்டியன் பாடு.

அந்தக் கடலை எப்படிக் கடந்தார்கள் என்பதையும் போலோ ஹோர்முஸ் துறையில் பார்த்திருக்கிறார். இரும்பு ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த கப்பல். சரக்கை அடியில் அடுக்கி, அதன்மேல் தோலை விரித்து, தோலுக்கு மேலே குதிரைகளை நிறுத்துவார்கள். இந்தக் கப்பல்களில் ஏகப்பட்டது மூழ்கிப்போகும் என்று அவரே சொல்கிறார். ஆணியில்லாத கப்பலில், ஆடுகிற சரக்கின்மேல், வழுக்குகிற தோலில் நாலு கால் மிருகம். வியாபாரிக்கு என்ன கவலை? கரை சேர்ந்தாலும் 220, சேராவிட்டாலும் 220.

காயலில் இந்தக் கணக்குத் தீர்ந்த அழகை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

"மரைக்காயரே, ஓலையிலே நாப்பது குதிரைன்னு இருக்கு. எறங்கினது முப்பத்தொண்ணு. மிச்சம் எங்கே?"

"கடல்லே போச்சு பிள்ளைவாள்."

"கடலுக்கு நாங்களா தள்ளிவிட்டோம்? அதுக்கு எதுக்குங்கேன் துட்டு?"

"ஷரத்தைப் பாருங்க. மந்திரி சம்மதிச்சதுதானே."

"எந்த மந்திரி?"

"எங்க மொதலாளியோட தம்பி."

பேச்சு என் கற்பனை. தம்பி கற்பனை இல்லை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்தான் பாண்டியனுக்கு அமைச்சர். காயல் உள்ளிட்ட துறைகளும் அவர் பொறுப்பில். விற்கிற இடத்தில் அண்ணன், வாங்குகிற இடத்தில் தம்பி. இந்த மாதிரி டெண்டர் விட இன்றைக்கு ஆளும் கட்சிக்காரர்களே கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

சரி, தப்பிப் பிழைத்துக் கரை ஏறிய குதிரையாவது நன்றாக இருந்ததா என்றால், அங்கேதான் நம்மவர்களின் விருந்தோம்பல் வேலை செய்தது. பாலைவனத்தில் பச்சை பார்லியைக் கடித்து வளர்ந்த ஜீவனுக்கு வறுத்த பார்லி, நெய் விட்டுப் பிசைந்த தானியம், காய்ச்சின பசும்பால். இது வஸ்ஸாஃப் தரும் பட்டியல். வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள் என்று போலோ சேர்த்துக்கொள்கிறார். மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்தைக் குதிரைக்கு வைத்திருக்கிறார்கள். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டு, அதன்பிறகு பழக்காமல், அங்கவடி கிங்கவடி எதுவும் இல்லாமல் பிசாசு மாதிரி ஏறி விரட்டுவார்களாம். எப்பேர்ப்பட்ட குதிரையும் கொஞ்ச நாளில் மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போகும் என்று வஸ்ஸாஃப் அலுத்துக்கொள்கிறார். அவர் இந்தப் பக்கம் வராமல் கேட்டதை எழுதியவர், கொஞ்சம் மிளகாய் தடவியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெய் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிரியம் வந்துவிட்டால் நெய் ஊற்றுகிற ஜாதி நாம்.

லாடம் அடிக்கிறவன் விவகாரம் இன்னும் அருமை. குதிரைக்கு லாடம் அடித்து, நோய் பார்த்து வைத்தியமும் செய்கிற ஆள் அரபு நாட்டில் உண்டு, இங்கே கிடையாது. அப்படி ஒருவனைக்கூட வியாபாரிகள் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். தானாகக் கிளம்புகிறவனையும் தடுத்துவிடுவார்கள் என்கிறார் போலோ. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? வண்டியை விற்றுவிட்டு மெக்கானிக்கை ஊருக்குள் விடாமல் காவல் காக்கிற தொழில்நுட்பம் 700 வருஷத்துக்கு முந்தியது. இங்கேயே குட்டி போட வைக்கலாம் என்று பார்த்தாலும் நடக்கவில்லை. பெரிய ஜாதிக் குதிரையோடு பெரிய ஜாதிக் குதிரையைச் சேர்த்தாலும் கால் கோணின சோனிக்குட்டிதான் பிறக்குமாம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கப் பொதுப் பணத்தில் கை வைக்கவில்லை என்கிறார் வஸ்ஸாஃப். கோயில் சொத்துகளின் உபரி வருமானத்திலிருந்தும் கோயில் தாசிகள் கட்டிய வரியிலிருந்தும் கொடுத்தார்களாம். ஆக, வாதவூரர் குதிரைக் காசைக் கோயிலுக்குக் கொடுத்தார்; பாண்டியர்கள் கோயில் காசைக் குதிரைக்குக் கொடுத்தார்கள். அடி வாங்கினவர் வாதவூரர்.

இவ்வளவு நெய்யும் பொன்னும் கொட்டி வளர்த்த படை, 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் வந்து நின்றபோது என்ன செய்தது? பாண்டிய சகோதரர்கள் ஒருவரோடொருவர் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள். தெற்கைச் சுற்றிவிட்டு டில்லி திரும்பிய கபூரோடு 20,000 குதிரைகள் போயின என்று டில்லி வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். தினாரும் கிடையாது, ஷரத்தும் கிடையாது.

இதைப் பார்த்தாவது பின்னால் வந்தவர்கள் திருந்தியிருக்கலாம். விஜயநகரத்தார் ஒரு படி மேலே போனார்கள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டத்துக்கு வந்த சாளுவ நரசிம்மர், ஹோர்முஸ், ஏடன் குதிரைகளுக்கு வியாபாரி வாயில் வந்த விலையைக் கொடுத்தார். ஆயிரம் பர்தா பொற்காசுக்கு மூன்று குதிரை. உயிரோடு இருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி. கடலில் செத்ததற்கு வாலை மட்டும் அறுத்துக்கொண்டு வந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கான அதே காசு. இதைச் சொல்கிறவர் ஃபெர்னாவோ நூனிஸ் என்ற போர்த்துகீசியர். அவரும் குதிரை வியாபாரிதான். எழுதும்போது நாக்கில் எச்சில் ஊறியிருக்கும்.

பாண்டியர் ஏற்பாட்டைவிட இது மேல் என்று வாதாட இடம் உண்டு. அங்கே வாய்ச்சொல்; இங்கே வால் என்ற அத்தாட்சி. ஆனால் அந்த வாலை வாங்கி எண்ணி வைத்த குமாஸ்தாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. உப்புக்காற்றில் விறைத்து, ஈ மொய்க்கிற கட்டு ஒன்றை மேஜையில் போடுகிறார்கள். அது ஏடன் குதிரையின் வாலா, துறைமுகத்தில் மூட்டை சுமந்து செத்த மட்டக் குதிரையின் வாலா? போன வருஷம் காட்டிய வாலையே எண்ணெய் தடவிச் சீவிக் கொண்டுவந்திருக்கிறார்களா? அகப்படாத பொருளைக் குதிரைக் கொம்பு என்கிறோம். கொம்புக்குத்தான் தட்டுப்பாடு, வாலுக்கு இல்லை.

கிருஷ்ணதேவராயர் இன்னும் தாராளம். ஹோர்முஸ் குதிரையும் நாட்டுக் குதிரையுமாக ஆண்டுக்கு 13,000 வாங்கினார் என்பது நூனிஸ் கணக்கு. அவருக்கும் ஒரு வாதவூரர் வாய்த்தார். சீதி மெர்க்கார் என்ற முஸ்லிம் வியாபாரியிடம் 40,000 பர்தாவைக் கொடுத்து, கோவாவுக்குப் போய்க் குதிரை வாங்கிவா என்று அனுப்பினார். சீதி கோவாவுக்குப் பக்கம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார். பிறகு அப்படியே திரும்பி பீஜப்பூர் அடில்ஷாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆளையும் காசையும் அனுப்பு என்று ராயர் எழுதினார். இவர் படித்த பெரியவர், நபி வம்சத்து உறவு, எப்படி அனுப்புவது என்று அடில்ஷா இழுத்தடித்தார். 1520இல் ராய்ச்சூர்ப் போருக்கு ராயர் சொன்ன காரணம் இதுதான். ராயருக்கு ராய்ச்சூர்மேல் வெகுநாளாகவே கண். அது வேறு விஷயம். வாதவூரர் கோயிலாவது கட்டினார். சீதி கட்டியது மூட்டை மட்டும்.

இதற்குள் கடையின் முதலாளி மாறியிருந்தார். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர்கள், ஹோர்முஸையும் வளைத்துப்போட்டு, குதிரைக் கப்பல் எல்லாம் தங்கள் துறைக்கே வந்தாக வேண்டும் என்று கடலில் சுங்கச்சாவடி போட்டார்கள். விஜயநகரத்துக்கும் வேண்டும், பீஜப்பூருக்கும் வேண்டும். இரண்டு பேரும் அந்தக் குதிரைமேல் ஏறித்தான் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ள வேண்டும். 1547இல், கோவாவில் இறங்கும் குதிரை எல்லாம் விஜயநகரத்துக்கே, அடில்ஷாவுக்குக் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடில்ஷாவுக்குக் கோபம் வந்தது பற்றி போர்த்துகீசியர்கள் ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கோபம் வந்தவனுக்கும் குதிரை வேண்டுமே.

1565இல் தலைக்கோட்டைப் போரில் தக்காண சுல்தான்கள் சேர்ந்து விஜயநகரத்தை அடித்து நொறுக்கினார்கள். தலைநகரம் எரிந்தது, ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயரின் தலை போயிற்று. கோவாவில் இதற்கு நிஜமாகவே அழுதார்கள். போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ புலம்பியிருக்கிறார்: குதிரையும் வெல்வெட்டும் கொண்டுபோய் விற்று லாபம் பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது சுங்கச்சாவடி வருமானம் படுத்துவிட்டது, கோவாக்காரர்கள் கையைச் சுருக்கிப் பிழைக்கும்படி ஆகிவிட்டது என்று. வாலுக்குக் காசு கொடுக்கிற வாடிக்கைக்காரன் செத்தால் யார்தான் அழமாட்டார்கள்?