குடிக்காதவன் உளறல்

என் மேல் காரை ஏற்றியவர் குடித்திருந்தார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கால் முறிந்ததற்கு ஒரு நஷ்டஈடு, அவர் குடித்திருந்ததற்குத் தனியாக ஒன்று என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். அவருக்குத் தாராளமாகவே தாண்டியிருந்தது. லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாவுக்கட்டைக் காட்டிவிட்டு, "ஆளு ஃபுல் மப்பு" என்றுதான் கதையை ஆரம்பிப்பேன்.

வக்கீலிடமும் அப்படியே ஆரம்பித்தேன். "சார், கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றார். குடித்துவிட்டு ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி நழுவப் பார்க்குமாம். 2019-ல் வந்த திருத்தம் அந்த வாதத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. ஆக, எதிர்த்தரப்பு வாதத்தைத்தான் நான் ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்லவேளையாக, 'அடிபட்டவருக்கு முதலில் கொடு, அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன.

அவர் எவ்வளவு குடித்தார் என்பது கிரிமினல் வழக்கின் கவலை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வேண்டியது என் வருமானம், என் வயது, மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சதவீதம்.

வருமானத்தில்தான் முதல் அடி. சின்னதாக ஒரு பிரஸ் நடத்துகிறேன். சொந்தக்காரர்களிடம் ஒரு வருமானம், வருமான வரித்துறையிடம் ஒரு வருமானம் என்று கௌரவமாக வாழ்ந்துவந்தவன். வக்கீல் ரிட்டர்னைப் புரட்டிவிட்டு, "இதுலயா சார் குடும்பம் நடத்துறீங்க?" என்று பரிதாபப்பட்டார்.

அடுத்தது வயது. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 41 முதல் 45 வயதுவரை ஆண்டு வருமான இழப்பை 14-ஆல் பெருக்குவார்கள். 46 ஆகிவிட்டால் 13. நிஜத்தில் எனக்கு 45. பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சேர்ப்பதற்காக அப்பா ஒரு வயதைக் கூட்டிப் போட்டதால், சர்டிபிகேட்டில் 46. மை அடித்துப் பத்து வயதை மறைத்துத் திரிந்தவனால் கோர்ட்டில் ஒரு வயதைக் குறைக்க முடியவில்லை.

மருந்து பில்களை ஒரு கேரிபேக்கில் போட்டு ஃபிரிட்ஜ் தலையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பரில் அடித்த எழுத்து சூட்டுக்கு நிற்காது, அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும் என்பது பிரஸ்காரனுக்குத் தெரியாதா? தெரியும். கையால் எழுதிய ஒரே ஒரு சீட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. ஆஸ்பத்திரி கேன்டீன்: மசால் தோசை, காபி.

சாட்சி சொல்லப் போன அன்று, நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே என்று கைத்தடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாகக் கூண்டேறினேன்.

"தடி இல்லாம நடந்துதானே வந்தீங்க?" என்றார் கம்பெனி வக்கீல்.

"ஆமா சார், யார் துணையும் இல்லாம" என்றேன் பெருமையாக. என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

காரை ஓட்டியவர் கோர்ட் பக்கமே வரவில்லை. அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள். சொட்டுக்கூடக் குடிக்காத நான்தான் கூண்டில் நின்று உளறிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வந்ததும் சித்தப்பா போன் பண்ணி, எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.