வலித்தால்தான் வேகம்

அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டா என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. காரைவிட ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். காரிலிருந்து இறங்கும்போது ஒரு கை இடுப்பில் இருக்கும். முகத்திலோ பரம திருப்தி. நலம் விசாரித்தால் போதும், "முன்னால் 700, பின்னால் 400" என்பார். ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்ற கணக்கு அது. தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய ஸ்பிரிங்குக்கு இதில் ஏறக்குறைய கால் பங்குதான் விறைப்பு. நெடுஞ்சாலையின் கான்கிரீட் பலகைகளுக்கு இடையிலுள்ள கோடுகளை வண்டி 'டக், டக்' என்று எண்ணிக்கொண்டே போகும். பக்கத்து இருக்கையில் காபிக் கோப்பையோடு மனைவி அந்தரத்தில் தவம் செய்வார். "எப்போதுதான் இது சரியாகும்?" என்று அவர் கேட்டால், "சரியானதால்தான் இப்படி" என்று பதில் வரும். மருந்து கசந்தால்தான் வேலை செய்யும் என்று நம்புகிறவர்களைப் போல, முதுகு வலித்தால்தான் கார் வேகமாகப் போகிறது என்று நம்புகிறவர் இவர். இவர் வாங்குவது சஸ்பென்ஷன் அல்ல, வேகத்தின் உணர்ச்சி என்பதே என் கட்சி.

பௌதிகத்திடம் கேட்டால் அது இவர் பக்கம் பேசுவதில்லை. வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறத்துக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை முடிவு செய்பவை காரின் எடை, எவ்வளவு கடுமையாகத் திரும்புகிறோம் என்பது, புவியீர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் ஆகியவைதான். ஸ்பிரிங்கின் பெயர் அந்தச் சூத்திரத்தில் வராது. உடல் எவ்வளவு சாய்கிறது, மாறும் பாரத்தில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்ற பாகப்பிரிவினை மட்டுமே ஸ்பிரிங்கின் அதிகாரம். நான்கையும் ஒரே மாதிரி விறைப்பாக்கினால் கார் அதிகம் சாயாது. மாறும் பாரம் அநேகமாக அப்படியே இருக்கும். சாயாததைப் பார்த்து "ரோட்டைக் கவ்வுகிறது" என்பார் நம்மவர். கவ்வ வேண்டியது டயர். அது குண்டும் குழியுமான சாலையில் துள்ளிக்கொண்டிருக்கிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது?

இதற்கு மேல் தாழ்த்தும் ஆசை வேறு. சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைந்தால் அவருக்கு மானக்கேடு. முதல் தலைமுறை மியாட்டாவில் சஸ்பென்ஷன் மேலேறி இறங்க இடமே குறைவு. ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால், சின்ன மேட்டுக்கே பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டையில் போய் முட்டும். வளைவின் நடுவில் பின்சக்கரம் முட்டினால் அந்த மூலை திடீரென்று பாறையாகிவிடும், பின்பக்கம் வழுக்கும். இறங்கியதும், "கார் என்னோடு பேசுகிறது" என்பார். பேசவில்லை, அலறுகிறது.

"பந்தயக் கார்கள் எல்லாம் விறைப்பாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்கலாம். இருக்கின்றன. சமதளமான தடம், பந்தய டயர், காரைத் தரையோடு அழுத்தும் காற்று, அதற்காக மாறாமல் காக்க வேண்டிய உயரம் என்று அவற்றுக்குக் காரணங்கள் உண்டு. இவர் ஓட்டுவதோ ஞாயிற்றுக்கிழமை வாகன நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சாய்வு குறைந்தால் டயர் தரையில் சரியான கோணத்தில் படியும், ஓரளவு விறைப்புக்கு அதனால் நியாயம் உண்டு. அந்த வேலையில் பாதியை நான்கு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகளால் பிடித்திருக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பே செய்துவிடுகிறது. ஆயிரம் கிலோவுக்கும் குறைவான காருக்கு 1989-இல் மாஸ்டா அதை வீணுக்குக் கொடுக்கவில்லை. மியாட்டாவுக்கு முன்மாதிரியான 1962-இன் லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்கோடும் நல்ல ஷாக் அப்சார்பரோடும் வளைவுகளில் பெரிய கார்களுக்கே பாடம் நடத்தியது. நம்மவர் எலானைப் புகழ்வார். அதன் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

"முப்பது வயதுக் காரின் ஷாக் அப்சார்பர் செத்துப்போயிருக்குமே" என்பது அடுத்த வாதம். உண்மை, மாற்றத்தான் வேண்டும். பில்ஸ்டைன் போலத் தரமானதாக நான்கு போட்டு, சக்கரங்களின் கோணங்களான கேம்பரையும் டோவையும் ஒழுங்காகப் பார்த்து, நல்ல டயர் மாட்டினால் கார் பிறந்த அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக ஓடும். ஆனால் அதில் திருகக் குமிழ் இருக்காதே! அவருக்கு வேண்டியது உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகி மாற்றக்கூடிய, 32 கிளிக் உள்ள காயிலோவர். முழங்காலிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டு, மூச்சை அடக்கி எண்ணுவார். இடப்பக்கம் 12, வலப்பக்கம் 13, "வித்தியாசம் தெரிகிறது". மலிவான காயிலோவரில் ஒரே கிளிக்கில் வைத்த இரண்டு ஷாக்கை சோதனை எந்திரத்தில் மாட்டிப் பார்த்தால் இரண்டும் இரண்டு விதமாக விசை காட்டுவது சாதாரணம். இத்தனை நுட்பத்துக்கும் நடுவே டயரில் காற்று பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"நேரம் குறைந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கூம்புப் பந்தயத்தின் நேரத் தாளை நீட்டுவார். காயிலோவர் போட்ட அதே வாரம் புது டயரும் போட்டிருப்பார். பெருமை முழுவதும் காயிலோவருக்கே போகும். அடுத்த வசந்தத்தில் அந்த காயிலோவர் விற்பனைக்கு வரும்: "கொஞ்சமே ஓடியது, அருமையான ரைடு, திட்டம் மாறியதால் கொடுக்கிறேன்." வாங்க வருகிறவரும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார். அவருடையது 550 பவுண்டாம், போதவில்லையாம்.