தாராளமாப் போங்க சார்

எங்கள் மேனேஜர் இதுவரை எனக்கு லீவு இல்லை என்று சொன்னதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரை ஏதோ கொடுங்கோலன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நான் போய் நின்றதும் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார். "லீவா? தாராளமாப் போங்க சார். நீங்க எடுக்காம வேற யாரு எடுக்கறது?" என்பார். எனக்குக் கண்ணே கலங்கிவிடும். எழுந்துபோய்க் கதவுப்பிடியில் கை வைக்கும்போதுதான் அடுத்த சொல் வரும்.

"ஆனா..."

அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். மீதியை நானே சொல்லி முடித்து, "பரவாயில்ல சார், அடுத்த மாசம் பாத்துக்கறேன்" என்று கேட்ட லீவை நானே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். லாபம், ஒரு டீ.

காலண்டர் விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருபத்தொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கணக்குக்காரனுக்கு மாதம் என்பது முப்பது நாள் இல்லை. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி. அப்புறம் சம்பளப் பட்டியல், மாதக் கணக்கு முடிப்பு. அடுத்த மாதம் முதல் ஐந்து நாள், போன மாதக் கணக்கை முடித்ததில் என்ன தப்பு என்று தேடுவது. ஆக, 21க்கும் 25க்கும் நடுவில் சின்னதாக ஒரு சந்து. அது வழியாகத்தான் நான் தப்பித்து ஓட வேண்டும். அந்தச் சந்தில் பெரும்பாலும் ஆடிட்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை ரோஷம் வந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 79ஆம் பிரிவு. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவனுக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு. மிச்சம் வைத்தால் 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தது. அந்தச் சட்டப்படி நான் 'தொழிலாளி'தானா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அதற்குள் ஒரு வரி ஒளிந்திருந்தது பாருங்கள், அதைப் படித்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முறையாகக் கேட்டும் மறுக்கப்பட்ட லீவை எந்த உச்சவரம்பும் இல்லாமல் சேர்த்துக்கொண்டே போகலாமாம்!

இருபத்தொரு வருஷம். மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒரு வருஷம் வீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம் போலிருந்தது. பிறகுதான் உறைத்தது: பதினைந்து நாள் முன்னாடி எழுத்துமூலம் கேட்டிருக்க வேண்டும், அவர்கள் மறுத்திருக்க வேண்டும். நான் எழுதவே இல்லை. அவரோ மறுக்கவே இல்லை. கேட்டதும் நான், வேண்டாம் என்றதும் நான். வழக்குப் போடுவதென்றால் என் மேல் நானேதான் போட வேண்டும். 30க்கு மேல் சேர்ந்ததெல்லாம் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லாப்ஸ். வெளியே ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்.

தப்பு என் மேல் மட்டும் இல்லை, ஐந்தாம் வகுப்பு வாத்தியார் மேலும் இருக்கிறது. விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தாரே, அதில் எப்போதாவது "ஐயா, எனக்கு உடம்பு நன்றாக இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்று வந்ததா? காய்ச்சல், வயிற்றுவலி, அல்லது அக்கா கல்யாணம். எனக்கு அக்காவும் கிடையாது. ஆகவே சுகமாக இருக்கிறவன் லீவு கேட்பது பொய்க்கையெழுத்துப் போடுவதுபோல ஒரு குற்றம் என்று மனசில் பதிந்துவிட்டது. இன்றைக்குச் செயலியில் போட்டாலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் வந்து முறைக்கிறது. நாங்கள் எல்லோரும் அதில் நிரப்புவது 'சொந்த வேலை'. வேலையிலிருந்து தப்பிக்கக்கூட ஒரு வேலையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

மைத்துனர் மகன் சிட்னியில் இருக்கிறான். அங்கே 2024 ஆகஸ்ட் 26 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, வேலை நேரம் முடிந்தபின் முதலாளி கூப்பிட்டால், மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை எடுக்காமல் இருக்கலாம் என்று பீற்றிக்கொண்டான். நான் அந்த நேரம் இன்னொரு காதில் ஆபீஸ் போனை வைத்துக்கொண்டு "சொல்லுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காரியத்தைக் கையில் எடுத்தது என் வீட்டுக்காரி. அவளுக்குச் சொந்த ஊர் தென்காசி. சாரல் சீசனில் அவள் ஊர்ப்பக்கம் தலைகாட்டியது 2017இல். அதற்கப்புறம் போனதெல்லாம் பொங்கலுக்கும் சாவுக்கும்தான். நடுவில் சீசனுக்கென்று நான் போட்டு ரத்து செய்த ஸ்லீப்பர் டிக்கெட்டுகளுக்கு ஆளுக்கு 120 ரூபாய் வீதம் ரயில்வே பிடித்துக்கொண்டதில் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு ஒரு சக்கரமாவது வாங்கியிருப்பார்கள். போன வருஷம், அதாவது 2025 மே மாதம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபது நாள் முன்னாடி காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்த கையோடு நாலு டிக்கெட் போட்டுவிட்டு, தோசையோடு சேர்த்து எனக்குத் தகவலையும் வைத்தாள்.

"இத்தனை நாளா லீவு கெடைச்சா டிக்கெட் போடலாம்னு இருந்தீங்க. இப்ப டிக்கெட் இருக்கு, லீவு போடுங்க."

பயிற்சியும் அவளே கொடுத்தாள். 'முடிஞ்சா', 'கொஞ்சம்', 'தப்பா நினைக்காதீங்க' மூன்றும் வாயில் வரக்கூடாது. அவர் 'ஆனா' என்று இழுத்தால் பத்து வரை எண்ண வேண்டும், அதுவரை வாயே திறக்கக்கூடாது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று "எனக்கு ஜூலை 21லேர்ந்து அஞ்சு நாள் லீவு வேணும்" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். யாரையோ உள்ளே வைத்து மிரட்டுகிறேன் என்று பையன் கதவைத் தட்டினான்.

நாள் வந்தது. உள்ளே போனேன். "சார், தப்பா நினைக்கலன்னா, முடிஞ்சா, கொஞ்சம்..." என்று மூன்றையும் வரிசையாக இறக்கிவைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தேன்.

"தாராளமாப் போங்க சார். ஆனா..."

எண்ணினேன். ஒன்று, இரண்டு. அவர் காலண்டரைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன். நாலு, ஐந்து. ஏசி சத்தம் கேட்டது. ஜூலை 31க்குள் டிடிஎஸ் ரிட்டர்ன் போட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழு வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

"போன் ஆன்லதான் சார் இருக்கும்!"

அவர் கேட்கவே இல்லை, சத்தியமாகக் கேட்கவே இல்லை. வீட்டில் இதைச் சொல்லவில்லை. பத்து வரை எண்ணினேன் என்று மட்டும் சொன்னேன். பாயசம் வைத்தாள்.

தென்காசியில் இறங்கியபோது மேற்கே மலை முழுக்க மேகம், முகத்தில் பொடிச்சாரல். மாமியார் "மாப்பிள்ளைக்கு லீவு கெடைச்சிட்டா!" என்று அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னார். சனி, ஞாயிறு போயிற்று. போன் அடிக்கவில்லை. திங்கள் அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க மொட்டைமாடிக்கு இரண்டு தடவை போனேன். இருபத்தொரு வருஷம் நான் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை, கம்பெனி ஒரு பேச்சுக்காவது தேட வேண்டாமா?

புதன்கிழமை ஐந்தருவி. பெண்கள் பக்கம் அவள் போய்விட்டாள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் மசாஜ்காரர் முன் குந்தினேன். தலையில் எண்ணெய் வழிய, பாலிதீன் உறையிலிருந்து போனை எடுத்து நானே ஆபீசுக்கு அடித்தேன்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்தாள். "சார், நீங்களா? உங்களைத் தொந்தரவே பண்ணக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாங்க சார்."

"அங்க ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

பாவம், யோசித்தாள். "டிடிஎஸ் ஃபைல் ஒண்ணு உங்க சிஸ்டத்துல மாட்டிக்கிட்டிருக்கு. பாஸ்வேர்டு தெரியல. அவசரமே இல்ல சார், நீங்க வந்ததும்..."

"பேனா எடுத்துக்கோம்மா!" என்றேன். இருபத்தொரு வருஷ அனுபவம் என் குரலில் நிமிர்ந்து நின்றது.

அருவிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடித்தொண்டையில் கத்தினேன். "கேப்பிட்டல் கே! யூ! டி! இன்னொரு டி!"

"டியா சார், பியா?"

"டிம்மா! தஞ்சாவூர் டி!"

மசாஜ்காரர் பிடித்துக்கொண்டிருந்த தலையை விடாமலே, "அண்ணாச்சி, திருநெல்வேலி டின்னு சொல்லுங்க, நம்மூருல்லா" என்றார். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "ஆர்! ஏ! எல்! ஏ! எம்!" என்று நாங்கள் கோரஸாகக் கத்தி, 'அட்' குறியையும் 2017ஐயும் சொல்லி முடித்தபோது, எங்கள் கம்பெனியின் டிடிஎஸ் கணக்கு ஐந்தருவிக்கு வந்த அத்தனை பேருக்கும் திறந்துவிட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஈரத்தலையோடு அவள் நிற்கிறாள்.

"பாஸ்வேர்டு குத்தாலமா?"

"ஆமா."

"2017?"

"நாம கடைசியா சீசனுக்கு வந்த வருஷம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தலையைத் துவட்டினாள். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"அப்ப எட்டு வருஷமா தெனமும் காலையில ஒம்போது மணிக்குக் குத்தாலம் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. என்னையத்தான் கூட்டிட்டு வரல."

மசாஜ்காரர் இரண்டு கையையும் கோத்து என் உச்சந்தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். மசாஜில் அதுதான் கடைசித் தட்டு என்றார். பக்கத்தில் இருந்த இருவருக்கும் அந்தத் தட்டு விழவில்லை.